கரையிலிருந்து வீசிய காற்று

கன்னியாகுமரி மாவட்டத்து மூவாற்றுமுகத்தில், துடுப்புப் படகான கயாக்கைத் தண்ணீரில் இறக்கியபோது காலை மணி ஆறரை. ஐப்பசி கடைசியில் ஒரு சனிக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ரப்பர் தோட்டங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கோதையாறும் பரளியாறும் வந்து சேரும் அந்த இடத்தில் சிறிது தூரத்துக்கு இரண்டு நிறங்கள் ஒட்டாமல் ஓடின: ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் செம்மண் கரைசல். ஐம்பது அடி தள்ளிப் போனதும் செம்மண்ணே வென்றுவிட்டது.

இந்த ஆற்றை ஏட்டில் தாமிரபரணி என்று எழுதுகிறார்கள். திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் ஆற்றோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க நாங்கள் குழித்துறை ஆறு என்கிறோம். நான் பிறந்த வீட்டின் பின்வாசல் இந்த ஆற்றில்தான் திறக்கும். நாற்பது வயதுக்குள் இதில் எத்தனை முறை குளித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் மலையடியிலிருந்து கடல் வரை ஒரே நாளில் இதனோடு இறங்கிப் போக வேண்டும் என்ற ஆசை கயாக் பழகிய பிறகுதான் வந்தது. ஆற்றோடு தேங்காப்பட்டணம் வரை போய், அங்கே கடலில் நுழைந்து, கரையோரமாகத் தென்கிழக்கே இனயம் வரை துடுப்புப் போடுவது என்று திட்டம்.

மூன்று பேர் போனோம். ஒற்றை ஆள் கயாக்கில் நான். இரட்டை ஆள் கயாக்கில் என்னோடு அதே பள்ளியில் கணக்கு நடத்தும் தோழியும், பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகனும். தோழி கடற்கரைப் பெண். இரவிபுத்தன்துறையில் பிறந்தவள். அவளுடைய அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, ஆழ்கடல் தொழிலுக்குப் போய் ஓய்ந்தவர். அவர் சம்மதிக்காமல் கடல் பகுதியை வைத்துக்கொள்வதில்லை என்று முதலிலேயே பேசியிருந்தோம். சரக்கு ஆட்டோ ஒன்றை அமர்த்தி, அவர் கடற்கரைச் சாலை வழியாக எங்களோடு வருவதாக ஏற்பாடு.

மழைக்காலத்தில் ஏன் போனீர்கள் என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டார்கள். கோடையில் இந்த ஆறு பாறைக்கும் மணலுக்கும் இடையே துண்டு துண்டாகக் கிடக்கும். ஆனி ஆடியில் ஆறு ஓடும், ஆனால் கடல் கரையைத் தின்னும். அப்போது அந்த முகத்துவாரத்தை நினைத்தே பார்க்கக் கூடாது. ஐப்பசியில்தான் ஆற்றில் நீர் இருக்கும், கடலின் அலையும் இறங்கியிருக்கும். அந்தப் பருவத்தின் விலை பிற்பகல் இடி. காலை வெயில் அடித்து, மதியத்துக்கு மேல் மலையில் மேகம் திரண்டு, மூன்று நான்கு மணிக்குள் இடியோடு கொட்டித் தீர்ப்பது எங்கள் ஊரின் வழக்கம். ஆகவே இரண்டு மணிக்குள் கரையேறிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம்.

முந்தின இரவு மூன்றைப் பார்த்தேன். ஒன்று, பேச்சிப்பாறை அணையின் மட்டம். அதன் கொள்ளளவு 48 அடி. நிரம்பும் நிலைக்கு வந்தால் உபரி நீரைக் கோதையாற்றில் திறப்பார்கள், சில மணி நேரத்தில் திற்பரப்பு அருவி மிரட்டும், பிறகு எங்கள் ஆறு ஏறும். அன்று திறக்கவில்லை. இரண்டு, வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை. குமரிக்கடலுக்கு எதுவும் இல்லை. மாவட்டத்துக்கு மட்டும் "பிற்பகலில் இடியுடன் கூடிய மழை". மூன்று, ஐதராபாத்திலிருந்து கடல் தகவல் சேவை மையம் தரும் அலை உயரக் கணிப்பு. அதுவும் சாதகமாக இருந்தது. மூன்றும் சரியாக இருந்த ஒரு நாளில் என்ன நடக்கும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆற்றின் மேல்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரைவாக ஓடியது. துடுப்பைத் திசை திருப்ப மட்டும் பயன்படுத்தினோம். கரையில் சாய்ந்த மரங்களின் கிளைகள் தண்ணீரைச் சல்லடைபோல் அரித்துக்கொண்டிருந்த வளைவுகளில்தான் கவனம் தேவைப்பட்டது. தண்ணீர் கிளைகளுக்கு ஊடே புகுந்து போய்விடும். படகும் ஆளும் போக முடியாது, அழுத்தப்பட்டு அங்கேயே நிற்க வேண்டியதுதான். அண்ணன் மகன் ஒவ்வொரு வளைவிலும் "அத்தை, உள்பக்கம்!" என்று கத்தினான். வளைவின் உள்பக்கத்தில் நீர் மெதுவாக ஓடும் என்பதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

குழித்துறையில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. சப்பாத்து என்போம். நீர் குறைவான நாட்களில் மக்கள் அதன்மேல் நடந்தும் வண்டியிலும் அக்கரை போவார்கள். ஆடி அமாவாசைக்கு, முன்னோர்க்குப் பலியிடும் வாவுபலிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். அன்று சப்பாத்தின்மேல் முழங்கால் அளவு நீர் வழுக்கிக்கொண்டு போனது. மேலிருந்து பார்த்தால் அழகான, வழவழப்பான ஒரு வளைவு. விழும் உயரமும் பெரிதில்லை. ஓர் இளைஞன் துணிந்து குதித்துவிடலாம் என்று நினைக்கும் உயரம்.

இருநூறு அடி முன்னாலேயே கரை ஏறி, படகுகளைத் தோளில் சுமந்து கீழே இறங்கினோம். அங்கே நின்று அண்ணன் மகனை ஒரு தேங்காய் நெற்றைப் பார்க்கச் சொன்னேன். அணையின் காலடியில் விழும் நீர் அடிவரை போய், மேலெழுந்து, மீண்டும் அணையை நோக்கியே புரண்டு வருகிறது. அந்தப் புரளலில் நெற்று சிக்கியிருந்தது. வெளியே வர எத்தனிக்கும். மூன்று அடி வரும். பிறகு யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் பின்னால் போய், விழும் நீரின் கீழே அமுங்கும். நான்கு விநாடி காணாமல் போகும். வேறோர் இடத்தில் தலை தூக்கும். மீண்டும் மூன்று அடி. பக்கத்தில் ஒரு வாழைத்தண்டும் அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. தோல் உரிந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. விடியும் முன்பிருந்தே அங்கே இருந்திருக்கும். நாங்கள் பத்து நிமிடம் நின்று பார்த்தோம். நெற்று வெளியே வரவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்ட ஆளுக்கும் அதே கதிதான் என்று சொன்னேன், ஏனென்றால் நெற்றும் மிதக்கிற பொருள்தானே. அவன் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு அன்று முழுவதும் அவன் எதையும் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழித்துறைக்குக் கீழே ஆறு அகன்று நிதானமாகிவிடும். கணபதியான்கடவு தாண்டியதும் காற்றில் கதம்பல் ஊறும் வாடை வந்தது. கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறவைக்கும் அந்த வாடை வெளியூர்க்காரர்களுக்கு நாற்றம். எனக்கு அது பாட்டி வீடு. பரக்காணியில் கடல்நீர் ஆற்றில் ஏறாமல் தடுக்கக் கட்டிய தடுப்பணை. அங்கே மறுபடி படகுகளைச் சுமக்க வேண்டியிருந்தது. கரை சேறாக இருந்தது, ஏறும் வழி அடித்துப் போயிருந்தது. ஒரு மணி நேரம் அதிலேயே கழிந்தது. அந்த ஒரு மணி நேரத்தை நான் எங்கிருந்தும் திரும்ப எடுக்க முடியாது என்பதை அப்போதே கணக்கில் கொண்டிருக்க வேண்டும். கொள்ளவில்லை. அது என் பிழை.

தேங்காப்பட்டணத்துக்கு முன்னால் ஏ.வி.எம். கால்வாய் வந்து சேர்கிறது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்பது முழுப்பெயர். 1860-இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் காலத்தில் தொடங்கியது. கடலுக்கு இணையாக, கடலில் இறங்காமல், திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகில் போகலாம் என்று கண்ட கனவு. பூவாறிலிருந்து குளச்சல் பக்கம் வரை வெட்டினார்கள். இன்று அதன் பெரும்பகுதி தூர்ந்தும் ஆக்கிரமிப்பிலும் கிடக்கிறது. ஆகாயத்தாமரை மூடிய அதன் வாயைப் பார்த்தபடி கடந்தபோது மனம் கனத்தது. அது உயிரோடு இருந்திருந்தால், பிற்பகலில் மேகம் கறுக்கும்போது எங்களைப் போன்றவர்கள் இனயத்துக்கு உள்வழியாகவே போயிருப்பார்கள்.

தோழியின் அப்பா முகத்துவாரத்தின் கல்சுவரில் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையசைக்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டே முக்கால்.

இந்த முகத்துவாரம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்பது எங்கள் மாவட்டத்துச் செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். மீன்பிடித் துறைமுகத்துக்கு உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் அலையில் வள்ளம் கவிழ்ந்து மீனவர்கள் இறந்த செய்தியை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். ஆறு வெளியே ஓடுகிறது, அலை உள்ளே வருகிறது, நடுவில் மணல் திட்டு. எதிரெதிரே வரும் இரண்டு தண்ணீர் முட்டும் இடத்தில் அலை படுத்திருக்காது, எழுந்து நிற்கும். எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆயினும் மழைக்கால ஆற்றோடு இறக்கமும் சேர்ந்துகொண்டால் முகத்துவாரம் அடுப்பில் வைத்த உலைபோல் கொதிக்கும்.

"ஏற்றம் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இப்போதே போங்கள்" என்றார் பெரியவர். பிறகு எங்களை நிறுத்தி வைத்து அலைகளை எண்ணினார். வாய்விட்டு எண்ணவில்லை. விரல் மடங்கிக்கொண்டே வந்தது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், ஐந்தோ ஏழோ. பின்னால் ஒரு தணிவு. மூன்று கூட்டங்களைக் கடக்க விட்டார். நான்காவது கூட்டத்தின் கடைசி அலை உடைந்ததும் "ம்" என்றார். அந்த "ம்" காதில் விழுந்ததும் நாங்கள் மூன்று பேரும் கண்மண் தெரியாமல் துடுப்புப் போட்டோம். நுரைக்குமேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, வெளியே வந்துவிட்டோம். வாயெல்லாம் உப்பு. திரும்பிப் பார்த்தபோது அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அதன்பின் அரை மணி நேரம் வாழ்நாளில் மறக்க மாட்டேன். முள்ளூர்துறைக்கும் இராமன்துறைக்கும் வெளியே, கரையிலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தோம். கல்சுவரில் மோதித் திரும்பும் அலை எங்களை ஆட்டாமல் இருக்கத்தான் அவ்வளவு தள்ளிப் போனோம். எங்கள் கடற்கரையில் மணல் மிச்சம் இருக்கும் இடங்கள் குறைவு. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் ஊருக்கு ஊர் வரிசையாக நிற்கின்றன. இடையிடையே கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள். கடல் அன்று வெள்ளித் தகடாக இருந்தது. தென்னைகளுக்கு மேலே மாதா கோயில் கோபுரங்கள். அவற்றுக்கும் மேலே, கழுவி வைத்ததுபோல் மலைத்தொடர். தோழி அப்போதுதான் கணியம் பார்ப்பதைப் பற்றிச் சொன்னாள். கரையில் உள்ள ஒரு கோபுரத்தையும் அதன் பின்னால் உள்ள மலை முகட்டையும் ஒரே கோட்டில் வைத்து, இன்னொரு பக்கத்தில் இன்னொரு கோட்டைப் பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் கடலடிப் பாறை இருக்கிறது என்று அறிவது. "அப்பாவுக்கு இந்தக் கரை முழுவதும் கோடு கோடாகத்தான் தெரியும் அக்கா. நான் அதை வகுப்பில் வடிவியல் என்று நடத்துகிறேன்" என்றாள்.

பேசிக்கொண்டே மலையைப் பார்த்தேன். மலை இல்லை.

ஐந்து நிமிடம் முன்பு தெளிவாக இருந்த முகடுகள் கருநீலத்தில் கரைந்திருந்தன. மேகத்தின் கீழ் விளிம்பு நேராக, அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் இருந்தது. அதன் கீழே மழை தொங்கிக்கொண்டிருந்தது. மணி ஒன்று நாற்பது. வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி வந்துவிட்டது. எங்கள் மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது துறைமுகத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்த ஒரு வள்ளம் எங்களுக்காக வேகத்தைக் குறைத்தது. அணியத்தில், வள்ளத்தின் முன்முனையில், நின்றவர் கையால் கரையைக் காட்டினார். "கரையைப் பிடியுங்கள் மக்களே! இனயம் போக வேண்டாம். நேரே கரையைப் பிடியுங்கள்! காற்று இறங்கப் போகிறது!" அவர்கள் போன பிறகு நான் ஒரு கணம் தயங்கினேன். இனயம் கண்ணுக்குத் தெரிந்தது. அலையும் இல்லை. அண்ணன் மகன் என்னைப் பார்த்தான். தோழி என்னைப் பார்க்கவே இல்லை, அதற்குள் படகின் மூக்கைக் கரைக்குத் திருப்பிவிட்டிருந்தாள். கடற்கரையில் பிறந்தவளுக்கு யோசனை தேவைப்படவில்லை.

பாதி தூரம் வருவதற்குள் காற்று வந்தது. முதலில் குளிர், ஈர மண் வாசனையோடு. அதன்பின் ஒரே அடி. என் துடுப்பின் மேல் தகடு காற்றில் சிக்கிக் கை முறுக்கிக்கொண்டது. தொப்பி போயிற்று. படகின் மூக்கு பக்கவாட்டில் திரும்பப் பார்த்தது. அதைத் திரும்பவிட்டால் மீண்டும் காற்றுக்கு நேரே கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரியும். குனிந்து, துடுப்பைத் தண்ணீரோடு ஒட்டித் தாழ்வாகப் பிடித்து, சின்னச் சின்னதாகக் குத்தினேன். கல்சுவரில் ஒரு பச்சைப் படகு கவிழ்த்து வைத்திருந்தது. அதைக் குறியாக வைத்துக்கொண்டேன். பத்து குத்து போட்டு நிமிர்ந்தால் அதே தூரம். இருபது குத்து போட்டாலும் அதே தூரம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே காற்று மூச்சு வாங்கும்போது மட்டும் இரண்டு படகு நீளம் முன்னேறினேன்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றின் சூது இதுதான். கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் படிந்து கிடக்கும். காற்று அலையை எழுப்ப அதற்கு ஓடுதூரம் வேண்டும். கரையடியில் அந்தத் தூரம் இல்லை. நூறு மீட்டரில் சிலிர்ப்பு, அறுநூறில் நுரை, அதற்கப்பால் போனால் திரும்ப வழியில்லாத கடல். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கள்ளக்கடல் வாரிக்கொண்டு போனபோது, காற்றே இல்லாமல் அலை வந்தது. தெற்கே தொலைதூரப் பெருங்கடலில் எங்கோ எழுந்த அலை அது. எங்களுக்கு அன்று வந்தது அதற்கு நேர்மாறு: அலையே இல்லாமல் காற்று. ஆறு வெளியே தள்ளுகிறது, காற்று வெளியே தள்ளுகிறது, இறக்கமும் தொடங்கியிருக்கும். எல்லாம் ஒரே பக்கம் போகச் சொல்கிற வேளை.

இரட்டைப் படகுக்கு என்னைவிட மோசம். அண்ணன் மகன் கனமான உடம்புக்காரன், பின்னிருக்கையில் இருந்தான். பின்பாரத்தால் மூக்கு தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துத் திருப்பியது. இரண்டு முறை அவர்கள் குறுக்கே போய் முப்பது மீட்டர் இழந்தார்கள். "நடுவுக்கு வா! நகர்ந்து முன்னால் உட்கார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று என் குரலையும் கடலுக்கே கொண்டுபோனது. மூன்றாம் முறை கையால் காட்டினேன். புரிந்துகொண்டு, தவழ்ந்து நடு இருக்கைக்கு வந்தான். மூக்கு அமர்ந்தது. படகு நேராக நின்றது. ஆனால் அவன் நகர்ந்தபோது, காலடியில் வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்க் கேன் நழுவி விழுந்துவிட்டது.

பாதிக் கேன் தண்ணீர்தான் இருந்தது. உயரமாக மிதந்தது. என் படகை உரசிக்கொண்டு போனது. கையை நீட்டினால் எட்டும், ஆனால் துடுப்பிலிருந்து ஒரு கையை எடுக்க முடியாது. அது ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மிதந்து போகவில்லை, ஓடியது. ஒவ்வொரு அலை முகட்டிலும் ஒரு புரளல், அடுத்த முகட்டுக்குத் தாவல். நல்ல நீச்சல்காரன் துரத்தினாலும் பிடிக்க முடியாத வேகம். ஒரு மஞ்சள் புள்ளியாகி, தெரிந்து மறைந்து தெரிந்து, பிறகு தெரியவில்லை.

மின்னல் அப்போதுதான் தொடங்கியது. வெட்டுக்கும் இடிக்கும் இடையே எண்ணினேன்: இருபத்தொன்று. மூன்றால் வகுத்தால் ஏழு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்துவிட்டாலே தண்ணீரில் இருக்கக் கூடாது என்பது விதி. அடுத்தது பன்னிரண்டு. அறுநூறு மீட்டர் சுற்றளவில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பொருள்கள் நாங்கள் மூன்று பேர் மட்டுமே. பயத்தில் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அழுதுகொண்டே எண்ணினேன். எண்ணிக்கொண்டே குத்தினேன். மழை வந்து அடித்தது. பச்சைப் படகும் மறைந்தது.

மழைக்குள் சிவப்பாக ஒன்று ஆடியது.

பெரியவர் தம் சிவப்புத் துண்டை ஒரு கழியில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவைக் கரைச்சாலையில் நிறுத்திவிட்டு, இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே வள்ளங்களை ஏற்றி வைக்கும் சிறு மணல் இடைவெளியைத் தேர்ந்திருந்தார். முப்பது மீட்டர் அகலம் இருக்கும், அவ்வளவுதான். இருபுறமும் பாறை. நாங்களாகத் தேடியிருந்தால் அது எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

கரைக்கு நூறு மீட்டர் நெருங்கியதும் காற்றின் வலு பாதியாகக் குறைந்தது. தென்னந்தோப்பின் மறைவு. ஆனால் கரையில் அலை இருந்தது. வெளியே தெரியாத அந்தச் சிறு அலையைக் கரைக்காற்று உடையவிடாமல் நிமிர்த்திப் பிடித்து, கடைசி இரண்டு அடியில் மொத்தமாகக் கவிழ்த்தது. பெரியவர் துண்டைத் தாழ்த்தினார். நில் என்று பொருள். நின்றோம், பின்னோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டு. ஓர் அலைக்கூட்டம் போயிற்று. துண்டு உயர்ந்தது. இரட்டைப் படகு முதலில் போனது. நான்கைந்து பேர் இடுப்பளவுத் தண்ணீரில் ஓடிவந்து அதை மூக்கிலும் வாலிலும் பிடித்து, ஆளோடு மணலில் இழுத்துப் போட்டார்கள். யாரையும் எங்களுக்குத் தெரியாது. மழையில் வெளியே வந்து கடலைப் பார்க்கிற ஊர் அது.

என்னை அலை குறுக்கே பிடித்துக்கொண்டது. படகு கரைக்கு இணையாகத் திரும்பியதும், கடல் பக்கமாக விழு என்று பழகியிருந்ததை உடம்பு தானாகவே செய்தது. கரை பக்கமாக விழுந்திருந்தால் படகு என்மேல் வந்து மோதியிருக்கும். முழங்கால் பாறைச் சில்லில் உரசிக் கிழிந்தது. யாரோ என் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். "எழுந்திரு மக்களே, எழுந்திரு, கரைதான்" என்று ஒரு அம்மாவின் குரல் கேட்டது.

அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கட்டன் காப்பி தந்தார்கள். கருப்பட்டி போட்டது. டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அந்த அம்மா என் இரண்டு கைகளையும் தம் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டு, பிறகு டம்ளரைத் தந்தார். தோழி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அண்ணன் மகன் வீட்டுக்குப் போன் செய்து "அம்மா, கரை ஏறிவிட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

பெரியவர் எங்களைத் திட்டவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்து, மழைக்குள் தெரியாத கடலின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது அவர் கரையில் இருந்தார். அவருடைய தம்பி ஆழ்கடலில் இருந்தார். தோழி அவரைச் சித்தப்பா என்று சொல்லும்போதெல்லாம் குரல் கொஞ்சம் இறங்கும். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தூத்தூர் பக்கத்து ஊர்களில் அப்படிக் காத்திருந்த வீடுகள் ஏராளம். காற்று கரையிலிருந்து எடுத்துப் போனதை எந்தப் பக்கம் தேடுவது என்று கரையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தேடிப் போகத்தான் வழியில்லை என்று அவர் முன்பு ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

காப்பி முடியும் நேரத்தில் அவர் கேட்டார்.

"மஞ்சளாக ஏதோ போயிற்றே, என்ன அது?"

"தண்ணீர்க் கேன் தாத்தா" என்றான் அண்ணன் மகன்.

"மறைய எவ்வளவு நேரம் ஆயிற்று?"

அவன் என்னைப் பார்த்தான். நான் எண்ணவில்லை. எண்ணியது தோழி. கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"நான்கு நிமிடம் அப்பா. நான்குகூட இருக்காது."

அவர் தலையசைத்தார். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து, துண்டைக் கழியிலிருந்து அவிழ்த்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, அண்ணன் மகனைக் கூப்பிட்டார். மழை மறுபடி வலுக்கும் முன் படகுகளை ஆட்டோவில் ஏற்ற வேண்டும், ஒரு பக்கம் நீ பிடி என்றார்.